ஓம வாடைக்கு அடியில்

போன மாதம் சுமதி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய நான்கு வருடம் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது நாவலூர்ப் பக்கம் ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். "நடுவுல ரெண்டு மூணு ரீடிங் விட்டுப்போனாக்கூட, முன்னையும் பின்னையும் பாத்து அதுவே நிரப்பிடுது சார். கிராஃப் அவ்ளோ அழகா வருது" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதுக்கு எதுக்கும்மா மென்பொருள்? நான் எழுபதுகள்லயே அதைக் கையால பண்ணி, ஒரு குப்பத்தையே கவுக்கப் பார்த்தேன்" என்றேன். அவள் விடவில்லை. எழுதிக் கொடுங்கள், எங்கள் கூடத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றாள். அதனால் எழுதுகிறேன். இதில் நான் வீரன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் ஊர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பி.எஸ்சி. ரசாயனம் முடித்து, செங்கல்பட்டில் மூலிகை எண்ணெய்களைச் சோதிக்கும் ஒரு சின்ன அரசு ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன். வாடகைக் கட்டடம், முன்னால் இரண்டு அறை, பின்னால் ஓட்டுக் கொட்டகையில் எண்ணெய் வடிக்கும் செப்புக் கொப்பரை. பியூரெட் என்ற அளவுக் குழாயைப் பிடிக்கவும், தராசில் மூச்சு விடாமல் நிறுக்கவும், உடையாமல் கழுவவும் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. அதற்கு மேல் அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ஹமீதா மேடத்தைப் பற்றித்தான். கூடத்துக்குப் பொறுப்பு அவர். கடலோரத்து முஸ்லிம் குடும்பம். அவருடைய அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் சொல்வார், கருவாட்டு மண்டி இருந்தது. மெல்லிய குரல், வெள்ளைக் கோட்டு, பச்சை மைப் பேனா. வேலைக்கு நடுவில் அவர் வாயில் ஊர்ப் பேச்சு வழக்கு வராது. கோபம் வந்தால் மட்டும் வரும். நாங்கள் கோபத்தை அளந்ததே அதை வைத்துத்தான்.

அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. கூடத்துக்குள் மல்லிகை, அத்தர், வெற்றிலை, பவுடர் எதுவும் கூடாது. மாதிரியைத் திறந்ததும் முதலில் முகர்ந்து, என்ன வாடை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அதை எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் பியூரெட்டைத் தொடலாம். "எண்ணைப் பார்த்துட்டு முகர்ந்தா மூக்கு பொய் சொல்லும் தணிகாசலம்" என்பார். மதிய மாதிரிகள் முடியும்வரை அவரும் டீ குடிக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடத்தில் ரப்பரே கிடையாது. பதிவேட்டில் தப்பாக எழுதினால் ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை ஓம எண்ணெய். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். முந்தின மழைக்காலத்தில் அங்கே பெண்கள் சேர்த்து வைத்திருந்த கருவாடு பாதி பூசணம் பிடித்தும், பாதி சிக்கு வாடை அடித்தும் கடலோரம் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாகிவிட்டது. மழையில் படகு போகாத நாட்களுக்கு அதுதான் அவர்களுக்கு அடுப்பெரிக்கிற வழி. ஓம எண்ணெயால் இரண்டையும் தடுக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து மேடத்துக்கு உத்தரவு வந்தது.

பூசணப் பகுதி கொண்டாட்டமாக நடந்தது. கருவாட்டிலிருந்து பூசணத்தைச் சுரண்டி, கண்ணாடித் தட்டில் கடல்பாசிக் கூழ் ஊற்றி அதில் வளர்ப்போம். நோன்புக்கு மேடத்தின் வீட்டில் இனிப்பு செய்கிற அதே கடல்பாசிதான். வடிதாளை ஆபீஸ் பஞ்சிங் மிஷினால் குத்தி, விழுகிற வட்டத் துண்டுகளைக் கொதிகலனில் சுத்தம் செய்து, ஓம எண்ணெயில் தோய்த்து நடுவில் வைப்போம். மூன்றாம் நாள் தட்டு முழுக்கப் பச்சைப் பூசணம். துண்டைச் சுற்றி மட்டும் கழுவி விட்டது போல வெறும் வட்டம். கொப்பரை பார்க்கும் முனுசாமி அதைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, கிட்டயே வர மாட்டுது!" என்று தட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். வட்டத்தை அளந்து மேடம் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட அன்று எனக்குக் கால் தரையில் இல்லை.

ஒரே ஒரு சங்கடம். எத்தனை சோப்புப் போட்டாலும் ஓம வாடை உடம்பை விட்டுப் போகாது. சாயங்கால பாசஞ்சரில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "இன்னா நைனா, வூட்ல கொயந்தைக்கு வயித்து நோவா?" என்று விசாரிப்பார்கள். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

அடுத்தது சிக்கு வாடை. பழைய எண்ணெயில் சுட்ட பலகாரத்தில் தொண்டையைப் பிடிக்கிற அந்த நாற்றம்தான். காற்று பட்டு மீனின் கொழுப்பு கெடுவதால் வருவது. காணாங்கெளுத்தியில் கொழுப்பு அதிகம் என்பதால் அதை எடுத்துக்கொண்டோம். குப்பத்தில் கன்னியம்மா என்று ஒருவர். பெண்களுக்கெல்லாம் அவர் சொன்னதுதான் சொல். அவரே கூடையில் மீன் கொண்டுவந்து கொடுத்தார். உப்புக் கண்டமாக்கி, ஒரு பங்கை அப்படியே, ஒரு பங்கை ஓம எண்ணெய் கலந்த நீரில் முக்கிக் காயவைத்து, ஜாடிகளில் போட்டு இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்தோம். சூட்டில் வைத்தால் மாதக்கணக்கில் கெடுவது நாட்கணக்கில் கெடும்.

மூன்று நாளைக்கு ஒருமுறை அளவு. மீனிலிருந்து கொழுப்பைப் பிரித்து, அசிட்டிக் அமிலமும் குளோரோஃபாமும் சேர்த்து, பொட்டாசியம் அயோடைடு விட்டு, ஒரு நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். பிறகு தண்ணீரும் கஞ்சிக் கரைசலும். கருநீலமாகிவிடும். பியூரெட்டிலிருந்து ஹைப்போ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால் நீலம் வெளிறி, வெளிறி, ஒரு சொட்டில் சட்டென்று போய்விடும். எவ்வளவு ஹைப்போ செலவாயிற்றோ அவ்வளவு பெராக்சைடு, அதாவது கொழுப்பு கெடும்போது முதலில் உண்டாகும் பொருள். அதை வைத்துத்தான் கொழுப்பு எவ்வளவு கெட்டது என்று கணக்குப் போடுவோம். அந்தக் கடைசிச் சொட்டைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான்கு அளவுகள் எடுத்திருப்பேன். சாதா ஜாடி விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. ஓம ஜாடி மெல்லத்தான் ஏறியது. அந்தச் சமயம் பார்த்து எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது.

இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, காலையில் இமையைப் பிரிக்க முடியாமல் பீளை கட்டிவிட்டது. அப்படியும் போனேன். முனுசாமி வாசலிலேயே மறித்து, "வூட்டுக்குப் போ அண்ணாத்த, எங்களுக்கும் ஒட்டிடப் போவுது" என்று திருப்பி அனுப்பினார். மேடம் அப்போது ஒரு கூட்டத்துக்காக டில்லி போயிருந்தார். முனுசாமிக்குப் பியூரெட் தெரியாது. பெட்டியின் சூடு இறங்காமல் மட்டும் பார்த்துக்கொண்டார். ஒன்பது நாள் கழித்து நான் திரும்பி வந்தபோது மூன்று அளவுகள் விட்டுப்போயிருந்தன.

வந்ததும் அளந்தேன். ஓம ஜாடியின் அளவு ரொம்பக் குறைவாக இருந்தது. நான் விட்டுப்போன இடத்துக்கும் கொஞ்சம் கீழே. முகர்ந்தேன், ஓமம், வெறும் ஓமம். சாதா ஜாடியும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அங்கே நான் நின்றிருக்க வேண்டும். கை தவறியிருக்கும் என்று நினைத்து மேலே போய்விட்டேன். வரைதாளில் முன்னாலிருந்த புள்ளியையும் பின்னாலிருந்த புள்ளியையும் பென்சிலால் புள்ளிக் கோடு போட்டு இணைத்தேன். அதுவரை தப்பில்லை. புள்ளிக் கோடு என்றால் "இங்கே அளக்கவில்லை" என்று அர்த்தம்.

என்னைக் கெடுத்தது என் கைத்திறன். சுத்தப் பிரதி வரைவது என் வேலை; அதில் எனக்குத் தலைகொள்ளாத கர்வம். இந்தியன் இங்க்கைத் தொட்டு, வளைவுப் பலகையை வைத்து நான் இழுக்கிற கோட்டில் நடுக்கமே இருக்காது. நடுவில் புள்ளி புள்ளியாக விட்டால் தாளின் அழகு கெடுகிறதே என்று, ஒரே இழுப்பில் முழுக்கோடாக இழுத்துவிட்டேன். டில்லியிலிருந்து அன்று காலைதான் வந்திருந்த மேடம் அதைப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்றார். கையெழுத்தும் போட்டார். அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு அது.

அறிக்கை குப்பத்துக்குப் போயிற்று. வழக்கமாக மழைக்கு முன்பே காணாங்கெளுத்தியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிற பெண்கள், இந்த முறை எல்லாவற்றையும் ஓம நீரில் முக்கி, மழை முடியும்வரை வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். கடலில் நல்ல பாடு, வலை நிறைய மீன். உப்புத் தொட்டிகள் நிறைந்துவிட்டன. மறுநாள் விடிந்ததும் முக்க வேண்டும் என்று ஏற்பாடு. முன்தினம் மத்தியானம் நான் ஓம எண்ணெய் டப்பாவும், ஓம ஜாடியில் மிஞ்சிய கருவாட்டுப் பொட்டலமும், காட்டிப் பெருமைப்பட அந்த வரைதாளுமாகப் போய் இறங்கினேன்.

கன்னியம்மா தாளைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார்.

"ஓமத் தண்ணி வாடதான் வருது. இரு சாரு, சட்டில போட்டுப் பாக்கறேன்."

அடுப்பில் சட்டியை ஏற்றி, எண்ணெய் விடாமல் ஒரு துண்டைப் போட்டார். முதல் புகை முழுக்க ஓமம். நாலைந்து பெண்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது புகையில் ஓமம் போய்விட்டது. மூன்றாவதில் வந்தது அந்த நாற்றம். சிரித்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

"இன்னா சாரு இது? அடில சிக்கு கீது. மேல ஓமத்தப் போட்டு மூடி வச்சிகினு கீறே!"

"சட்டி பழசும்மா. அதுல பழைய எண்ணெய் இருக்கும்" என்றேன். சொல்லும்போதே குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் சட்டியை இறக்கி, சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மறுபடி ஏற்றி, இன்னொரு துண்டைப் போட்டார். அதே நாற்றம். பிறகுதான் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலால் அந்தக் கோட்டை முதலிலிருந்து கடைசிவரை தடவினார்.

"இது இன்னா, தெனம் பாத்ததா?"

"மூணு நாளைக்கு ஒருவாட்டி."

"நான் ரெண்டாவது வாட்டி மீனு கொண்டாந்தப்ப நீ கண்ணு செவந்துகினு வூட்ல கெடந்தியாமே. முனுசாமி சொன்னாரு. அப்ப யாரு பாத்தது?"

அந்தக் கோட்டில் ஓட்டை இருப்பதை, ரசாயனம் படித்தவர்கள் யாரும் கண்டுபிடிக்காததை, மீன் கூடையோடு வந்து திரும்பிப் போனவர் கண்டுபிடித்துவிட்டார். என் வேலை நிரந்தரமாவதற்கான காகிதம் அப்போது மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. சட்டியைக் குறை சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். அறிக்கையில் மேடத்தின் கையெழுத்து இருந்தது, பெண்கள் அதை நம்பித்தான் இருந்தார்கள். அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"யாரும் பாக்கலம்மா. நாளைக்கு முக்காதீங்க. நான் மேடத்தைக் கேட்டுட்டு வர்றேன்" என்றேன்.

"பொழுது விடியறதுக்குள்ள வந்து சொல்லிடு. தொட்டில மீனு நிக்காது" என்றார் கன்னியம்மா.

சட்டியில் வெந்த துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். செங்கல்பட்டு வந்து சேர்ந்தபோது மேடம் கிளம்பத் தயாராகக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பொட்டலத்தை மேசையில் வைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். மெட்ராஸ் ஐயிலிருந்து இந்தியன் இங்க் வரை.

அவர் துண்டை முகர்ந்தார். முகம் மாறியது. பிறகு, எனக்கு ஏற்கெனவே புரியத் தொடங்கியிருந்ததை வாய்விட்டுச் சொன்னார். கொழுப்பு கெடத் தொடங்கும்போது பெராக்சைடு ஏறிக்கொண்டே போகும். முற்றிக் கெட்டால் அந்தப் பெராக்சைடே உடைந்துவிடும். நாற்றம் வருவது அந்த உடைசலில்தான். ஆகவே குறைந்த அளவு நல்ல மீனுக்கும் வரும், பாழாய்ப்போன மீனுக்கும் வரும். எது என்று தெரிய, நடுவில் உள்ள நாட்கள் வேண்டும். ஓம ஜாடி ஏறியதும் இறங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த அந்த ஒன்பது நாளில்தான்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்து, வரைதாளை விரித்து, அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருந்த கோட்டை மெதுவாகச் சுரண்டினார். மை தூளாக வந்தது. தாளில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாகச் சொரசொரப்பு விழுந்தது.

"இந்த இடத்துல இன்னா கீது?" என்றார். ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"தெரியாது மேடம்."

"அத்த எழுது."

எழுதினேன். பென்சிலால் அல்ல, மையால். "தெரியாது. அளக்கவில்லை." கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே பச்சை மையில் அவர் கையெழுத்து.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவரும் வந்தார். கடற்கரையில் தொட்டிகளின் பக்கத்தில் பெண்கள் காத்திருந்தார்கள். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

"தப்பு எங்களுது. நடுவுல ஒம்போது நாளு பாக்காம உட்டுட்டு, பாத்தா மாறி எழுதிட்டோம். காணாங்கத்தைக்கு ஓமம் போட்டு வச்சிக்காதீங்க. காயவச்சு மழைக்கு முன்ன வித்துடுங்க" என்றார்.

'எங்களுது' என்றார். எழுதியது நான் ஒருவன். நான் தலையைக் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் எழுந்து, "அப்ப இத்தினி நாளு எதுக்கும்மா இந்தப் பேஜாரு?" என்று கத்தினார். நியாயமான கேள்வி. மேடம் பூசணத் தட்டுகளைப் பற்றிச் சொன்னார். அது நாள் தவறாமல் பார்த்தது என்றார். கொழுப்பு குறைந்த வாளைக்கும் சுறாவுக்கும் சிக்கு வாடை பெரிய தொல்லையில்லை, பூசணம்தான் எதிரி. அவற்றை முக்கிப் பார்க்கலாம் என்றார்.

"வாளைல ஒரு கூடை மட்டும். மொதல்ல என் கூடை" என்று முடித்தார் கன்னியம்மா.

காணாங்கெளுத்தி முழுவதும் வெயிலோடு வெயிலாகக் காய்ந்து மழைக்கு முன்பே மண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. மேடத்தின் அத்தாவே ஆள் அனுப்பி ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார். நாங்கள் சோதனையை முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை முகர்வதற்கு முன் மாதிரியைச் சுடுநீரில் வைத்து, ஓமத்தை விரட்டிவிட்டு முகர்ந்தோம். பதிவேட்டில் அந்தப் படிக்கு மேடம் பச்சை மையில் பெயர் வைத்தார்: கன்னியம்மா முறை. நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கூடத்தில் அதற்கு அதுதான் பெயர். ஓம எண்ணெய் சிக்கு வாடையைத் தடுக்கவில்லை என்றும் இல்லை; கொஞ்ச நாள் தள்ளிப்போட்டது. அதற்கு மேல் அதனால் முடியவில்லை.

சொரசொரப்போடு இருந்த அந்த வரைதாளை, அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தோடு மேடம் மேலிடத்துக்கு அப்படியே அனுப்பினார். அங்கிருந்து விளக்கம் கேட்டார்கள். என் நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அப்போது அழுதேன். இப்போது நினைத்தால், அந்த ஒரு வருடத்துக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அவர் என்னை வெளியே அனுப்பியிருக்கலாம். அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் அதே பியூரெட்டின் முன்னால் நிறுத்தினார். அதன்பிறகு முப்பது வருடத்துக்கும் மேலாக எத்தனையோ கோடுகள் வரைந்தேன். விட்டுப்போன இடத்தை விட்டுவிட்டுத்தான் வரைந்தேன். என் தாள்கள் அழகாக இல்லை என்று எனக்குப் பின்னால் வந்த அதிகாரிகள் சொன்னதுண்டு.

மழை விட்டு, தை பிறந்து சில நாள் கழித்து கன்னியம்மா கூடத்துக்கு வந்தார். மடியில் ஒரு பொட்டலம். வாளைக் கருவாடு, மழை முழுக்கப் பானையில் இருந்தது. ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. முனுசாமி கொட்டகை அடுப்பில் ஒரு துண்டைச் சுட்டார். மூன்று புகை வரைக்கும் நாங்கள் நால்வரும் சட்டியைச் சுற்றி நின்றோம். ஓமம் போயிற்று, அடியில் கருவாட்டு வாசனைதான் இருந்தது. மேடம் அன்று மட்டும் மதிய மாதிரிகளுக்கு முன்பே எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார்.

அதற்கப்புறம் எத்தனையோ முறை முடிவுகளைச் சொல்ல அந்தக் குப்பத்துக்குப் போயிருக்கிறேன். தாளை நீட்டினால் கன்னியம்மா வாங்க மாட்டார். என் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, இமையைக் கட்டைவிரலால் கீழே இழுத்து, இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் நிதானமாகப் பார்ப்பார்.

"ம். வெள்ளையா கீது. இப்ப சொல்லு சாரு."